நீர்வெட்டு நாளில்
களனிகங்கை நீரைச் சுத்திகரிக்கும் அம்பத்தலை நிலையத்தில் திருத்தவேலை நிகழும் நாளிற் கொழும்பின் பல பகுதிகளிற் குழாய்கள் வறண்டுவிடும். முதல்நாளே நீர் பிடித்து வைத்தலும், பாத்திரங் கழுவிய நீரை மலசலகூடத்துக்கு விடுதலும் யாவரும் அறிந்தவையே. பலர் எண்ணாதது வேறொன்று. குழாயில் அழுத்தம் குன்றியதும், வெடிப்புகளின் வழியே வெளியிலுள்ள அழுக்குநீர் உள்ளே உறிஞ்சப்படலாம். வாளியில் அமிழ்ந்து கிடக்கும் இறப்பர்க் குழாயும் அந்நீரைப் பின்னோக்கி இழுக்கும். ஆதலால், நீர் மீண்டதும் முதலில் வருங் கலங்கல் நீரைச் செடிகளுக்கு ஊற்றுக. குடிநீரைக் கொதிக்கவைத்தே அருந்துக. நீரற்ற குழாயை மூட மறவாதீர். என் வீட்டில் ஒருமுறை நள்ளிரவிற் பாய்ந்தோடிய நீர், நாங்கள் பகலெல்லாம் மிச்சம்பிடித்ததினும் அதிகம்! எஞ்சிய நீரையும் மூடியே வைத்தல் வேண்டும். டெங்கு நுளம்பு தெளிந்த நீரிலும் பெருகும்.