பேயீஸ் ஒப்புருவாக்க முறைகள்

பேயீஸ் ஒப்புருவாக்க முறைகள் என்பவை, ஒரு புள்ளியியல் மாதிரியில் நேரடியாக அளக்க முடியாத எண்களை (பண்பளவைகளை), கணினியில் சமவாய்ப்பு எண்களை ஆயிரக்கணக்கில் எடுத்து மதிப்பிடும் முறைகள் ஆகும். இவற்றுள் பரவலாகப் பயன்படுவது மார்க்கோவ் சங்கிலி மாண்டே கார்லோ முறை.

அடிப்படை

தாமஸ் பேயீஸின் தேற்றம் அவர் மறைந்தபின் 1763-இல் வெளியானது. தரவைப் பார்ப்பதற்கு முன் நாம் கொண்டுள்ள கருத்து முன் நிகழ்தகவு. தரவைப் பார்த்துத் திருத்திக்கொண்ட கருத்து பின் நிகழ்தகவு. பண்பளவைகள் பல இருக்கும்போது பின் நிகழ்தகவைத் தொகையிடல் மூலம் கணக்கிடுவது பெரும்பாலும் இயலாது. அங்கேதான் ஒப்புருவாக்கம் உதவுகிறது.

கடற்பசு எடுத்துக்காட்டு

தொண்டியை ஒட்டிய பாக் விரிகுடாவில் கடற்புல் மேய்ந்து வாழும் கடற்பசுவை இப்பகுதி மீனவர்கள் ஆவுளியா என்பர். இதே விலங்கு இத்துறையின் புகழ்பெற்ற பாடக் கணக்கு ஒன்றிலும் இடம்பெறுகிறது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் அருகே பிடிபட்ட 27 கடற்பசுக்களின் வயதும் நீளமும் கொண்ட தரவை, 1991-இல் கார்லின், கெல்ஃபண்ட் ஆகியோர் இம்முறையில் ஆராய்ந்தனர். மாதிரி இதுதான்:

நீளம் = அ − ஆ × (இ ^ வயது)

இங்கு ^ என்பது அடுக்கைக் குறிக்கும். அ என்பது முழு வளர்ச்சியில் எட்டும் நீளம். இ என்பது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்; அது 1-ஐ நெருங்கினால் வளர்ச்சி மெதுவானது என்று பொருள்.

செய்முறை

1. மூன்று எண்களுக்கும் ஏதேனும் தொடக்க மதிப்புகளைக் கொள்க.
2. அவற்றைச் சற்றே மாற்றுக.
3. புதிய மதிப்புகளின் பின் நிகழ்தகவு கூடினால் ஏற்றுக்கொள்க. குறைந்தால் புதியதற்கும் பழையதற்கும் உள்ள விகிதத்தைக் காண்க. விகிதம் 0.3 எனில், பத்தில் மூன்று முறை என்ற வாய்ப்பில் மட்டும் ஏற்க. இல்லையேல் பழைய மதிப்பே நீடிக்கும்.
4. இதைப் பல ஆயிரம் முறை செய்து, தொடக்கப் பகுதியை நீக்கிவிடுக.

சங்கிலி ஒரு மதிப்பருகே எவ்வளவு அடிக்கடி வந்து நிற்கிறதோ, அதுவே அம்மதிப்பின் பின் நிகழ்தகவு. இது 1953-இல் மெட்ரோபொலிஸ் குழுவினர் வெளியிட்டு, 1970-இல் ஹேஸ்டிங்ஸ் விரிவாக்கிய முறை. வெவ்வேறு இடங்களில் தொடங்கிய சங்கிலிகள் ஒரே பகுதியில் வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். சேராவிட்டால் விடையை நம்பக் கூடாது.

விடையும் எச்சரிக்கையும்

மேற்கண்ட தரவுக்கு அ சுமார் 2.65, ஆ 0.97, இ 0.86 எனக் கிடைக்கின்றன. அதன்படி பத்து வயதுக் கடற்பசு சுமார் 2.4 மீட்டர் நீளம் இருக்கும். முழு நீளமான அ, 95 விழுக்காடு நிகழ்தகவுடன் ஏறக்குறைய 2.5 முதல் 2.8 மீட்டருக்குள் அமையும்.

ஆனால் வயது 0 எனக் கொண்டால் இதே மாதிரி 1.68 மீட்டர் என்கிறது. பிறந்த கன்றின் உண்மை நீளமோ சுமார் 1.2 மீட்டர்தான். தரவில் ஒரு வயதுக்குக் குறைந்த கன்று எதுவும் இல்லை. எத்தனை இலட்சம் முறை கணினியை ஓட்டினாலும் இந்தப் பிழை நீங்காது. மாதிரி பொருந்துகிறதா என்று பார்ப்பது மனிதரின் பொறுப்பு.

நம் கடற்கரைக்கு

கடற்பசுவின் வயது அதன் தந்தத்தில் உள்ள வளர்ச்சி அடுக்குகளை எண்ணி அறியப்படுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள இவ்விலங்கை அளவெடுப்பதற்காகப் பிடிக்க முடியாது. கரை ஒதுங்கிய உடல்களே தரவு. ஆகவே அது என்றும் குறைவாகவே இருக்கும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரில் தமிழ்நாடு அரசு 2022-இல் கடற்பசு பாதுகாப்பகம் அறிவித்துள்ள நிலையில், இவற்றின் வளர்ச்சியை அறிவது பயனுள்ளது.

ஆஸ்திரேலிய விடையை முன் நிகழ்தகவாகக் கொண்டு, இங்கு கிடைக்கும் சில அளவுகளால் அதைத் திருத்தலாம். எனினும் கடலும் மேய்ச்சலும் வேறு என்பதால் அந்த முன் நிகழ்தகவை அகலமாக வைக்க வேண்டும். குறுக்கி வைத்தால், பாக் விரிகுடாவின் பெயரில் டவுன்ஸ்வில்லின் விடையே திரும்பி வரும்.