உங்களுக்குத் தெரியுமா? கீறல் விழுந்த கேம் டிஸ்க்கும் பிழைக்கும்!

● 1994-இல் ஜப்பானில் வெளியான முதல் பிளேஸ்டேஷனுக்கு கேம்கள் சி.டி.யில்தான் வந்தன. 1.2 மி.மீ. தடிமனுள்ள சி.டி.யில் தகவல் பதிந்திருப்பது, படம் அச்சிட்ட மேல்பக்கத்தை ஒட்டித்தான்! அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்யலாம். மேல்பக்கம் உரிந்தால் தகவலே போய்விடும்.

● தகவல் பதிந்த தடத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளம் படிக்க முடியாமல் போனாலும், 'ரீட்-சாலமன்' என்ற பிழைதிருத்தக் கணக்கு அதை மீட்டுவிடும்.

● நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும்; அதுதான் பெரிய ஆபத்து.

● கணினியில் நகலெடுக்கும்போது கோப்புகள் மட்டும் போதாது; முழு டிஸ்க்கையும் 'இமேஜ்' ஆக எடுங்கள். டிரைவ் படிக்கத் திணறினால் வேகத்தைக் குறையுங்கள். வேறு டிரைவிலும் போட்டுப் பாருங்கள். கீறல் பெருகுமுன் எடுத்துவைத்த நகலே நல்ல காவல்.