காஸ் போடும் முன் காற்றைப் பாருங்கள்

கத்திரி வெயில் தொடங்கியதும் கார் ஏசி கடைகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வருகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "கூலிங் பத்தலைண்ணே, காஸ் போட்டு விடுங்க." நானும் அப்படிச் சொன்னவன்தான். போன ஆண்டு மே மாதம், ஒரே கடையில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை காஸ் ஏற்றினேன். பணம் போனது, பின் சீட்டில் அம்மா விசிறிக்கொண்டுதான் வந்தார்.

அடுத்துப் போன கடையில் வயதான மெக்கானிக் ஒருவர். அவர் காஸ் மீட்டர் பக்கமே போகவில்லை. "ஏசியை அணைச்சிட்டு ஃபேனை மட்டும் நாலுல வைங்க தம்பி" என்றார். காற்று வரும் வென்ட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தார். அது சற்றே அசைந்தது, அவ்வளவுதான். டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றி, பின்னாலிருந்து ஒரு ஃபில்டரை உருவினார். மடிப்புக்கு மடிப்பு வேப்பம்பூ, சருகு, புழுதி. எங்கள் வாசல் வேப்பமரத்தடியில்தான் வண்டி நிற்கும். புது ஃபில்டர் போட்டதும் அதே காகிதம் அவர் விரலைவிட்டுப் பறக்கப் பார்த்தது.

காற்று வேறு, குளிர்ச்சி வேறு. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். காற்றே வரவில்லை என்றால் ஃபில்டர், ஃப்யூஸ், புளோவர் மோட்டார் என்று பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்றில் ஓடாத ஃபேன் நாலில் மட்டும் ஓடுகிறதா? பெரும்பாலும் ரெஸிஸ்டர் எரிந்திருக்கும். சின்ன உருப்படிதான், அதற்காக மோட்டாரையே மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காற்று பலமாக வந்தும் குளிரவில்லை என்றால், அது எப்போது என்று கவனியுங்கள். ஓடும்போது ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதென்றால் முன்பக்க ரேடியேட்டர் ஃபேனையும் கண்டென்சரில் படிந்த அழுக்கையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. நம் ஊரில் யாரும் போடாவிட்டாலும், பெரும்பாலான கார்களில் ஹீட்டர் இருக்கிறது. எஞ்சினின் சுடுநீர் ஓடும் ஒரு சிறு ரேடியேட்டர் டேஷ்போர்டுக்குள் இருக்கும். காற்று அதன் வழியே போகலாமா வேண்டாமா என்பதை ஒரு பிளாஸ்டிக் கதவு தீர்மானிக்கிறது. அந்தக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டால், ஏசி குளிர்வித்த காற்றை ஹீட்டர் திரும்பச் சூடாக்கிவிடும். எத்தனை முறை காஸ் போட்டாலும் பலன் இருக்காது. ஆட்டோமேட்டிக் ஏசி வண்டியில் இந்தக் கதவை ஒரு குட்டி மோட்டார் திருப்பும். அதன் பல்சக்கரம் உடைந்தால் டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

காஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. பல வருடத்தில் சிறிது கசியலாம். வருடா வருடம் போட வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நைட்ரஜன் அடைத்துக் கசிவைக் கண்டுபிடித்து, சரிசெய்து, வேக்குவம் எடுத்த பிறகே காஸ் ஏற வேண்டும். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு. பல கார்களில் உள்ள ஆர்-134ஏ காஸ் வெளியேறினால், கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது பாவம் என்றே சொல்வேன்.

உங்கள் வண்டியும் மரத்தடியில் நிற்பதானால், சித்திரை பிறந்ததும் அந்த ஃபில்டரை ஒருமுறை உருவிப் பாருங்கள். சர்வீஸுக்கு விட்டால், கழற்றிய பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.