சமவாய்ப்பும் சல்லடையும்: கண்டி மாவட்டத் தோட்டப் பிள்ளைகளும் இன்றைய பாடசாலை முறைமையும்

இன்றைய பிள்ளைகளுக்கு நமது பாடசாலை முறைமை தக்கவாறு பயன்படுகின்றதா என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. வினா பொருத்தமானதே. ஆயின், பிள்ளைகள் யாவரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு அது கேட்கப்படுமிடத்து விடை தெளிவுறுவதில்லை. எந்தப் பிள்ளைகள், எந்தப் பாடசாலை, எதற்கான பயன் என்று பிரித்துக் கேட்பதே ஆய்வின் முதற்படியாகும். அவ்வாறு கேட்பதற்குக் கண்டி மாவட்டம் மிகத் தக்க களமாகும்.

கண்டி நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கல்லூரிகளின் நகரமாகிவிட்டது. பின்னர் திரித்துவக் கல்லூரி எனப் பெயர்பெற்ற பாடசாலை 1872இலும், தர்மராஜ கல்லூரி 1887இலும், கிங்ஸ்வூட் கல்லூரி 1891இலும் தோன்றின. இதே காலப்பகுதியில் இந்நகரைச் சூழ்ந்த மலைகளிற் பெருந்தோட்டப் பொருளாதாரம் வேரூன்றியது. 1820களிற் கன்னொருவையிலும் கம்பளைப் பகுதியிலும் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். கல்லூரியும் தோட்டமும் தொடர்பற்ற இரு உலகங்கள் அல்ல. தோட்டப் பொருளாதாரத்துக்கு வேண்டிய எழுதுவினைஞரையும் வழக்கறிஞரையும் நிருவாகிகளையும் நகரத்துப் பாடசாலை ஆக்கித் தந்தது. அதற்கு வேண்டிய உழைப்புச் சக்தியை லயம் மறு உற்பத்தி செய்தது. ஒரே சமூக உருவாக்கத்தின் இரு முனைகள் இவை.

லயத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி எவ்வாறு வந்தது என்பதை இந்தப் பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் தொடர்பான கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத் துரையிடமே ஒப்படைத்தது. பிள்ளையின் உழைப்பை நாளை வாங்கப்போகும் முதலாளியின் முகவரே இன்று அதன் கல்விக்கும் பொறுப்பாளி என்பது இதன் பொருளாகும். லயத்தின் ஒரு கோடியிலோ பிள்ளை மடுவத்தின் அருகிலோ ஓர் அறை, அதில் ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகளும் ஒருங்கே என்பதே பல தோட்டங்களின் நிலைமையாயிருந்தது. எழுத்தும் எண்ணும் ஓரளவு கைவந்ததும், அதாவது கொழுந்துக் கூடையைச் சுமக்கும் வயது வந்ததும், கல்வி முடிவுற்றது.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் நவீன வரலாற்றில் இது மகத்தான சனநாயக வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்றே ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் அத்திட்டத்துக்கு வெளியே நின்றன. 1972இலும் 1975இலும் நிறைவேறிய நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின்னரே, 1977 தொடக்கம் அப்பாடசாலைகள் படிப்படியாகத் தேசிய முறைமையினுட் கொண்டுவரப்பட்டன. நாட்டின் ஏற்றுமதி வருவாயை ஈட்டித்தந்த வர்க்கத்தின் பிள்ளைகள், அவ்வருவாயினால் இயங்கிய இலவசக் கல்விக்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதித்தே நுழைந்தனர்.

இதன் பின் நிகழ்ந்த முன்னேற்றத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. 1980களில் சுவீடனின் உதவியுடன் கட்டிடங்கள் எழுந்தன. 1990களில் ஜேர்மன் உதவியுடன் கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வளர்ந்தது. தோட்டப் பிள்ளைகளே ஆசிரியராகித் தோட்டப் பாடசாலைக்குத் திரும்பும் நிலை உருவாகியது. இதற்கு முன்பே, அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் 1960களின் இளைஞரிடையே புதிய விழிப்பை ஊட்டியிருந்தனர். மலையக இலக்கியத்தின் எழுச்சியை அந்த ஆசிரியத் தலைமுறையிலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள இயலாது. எனவே பாடசாலை எதையும் மாற்றவில்லை என்பது நமது கூற்றன்று. அது சிலரை உயர்த்திப் பலரை இருந்த இடத்திலேயே நிறுத்தும் முறையை விளக்குவதே நமது நோக்கமாகும்.

தேயிலைத் தொழிற்சாலையில் அரைபட்ட தேயிலை ஒன்றன்பின் ஒன்றாகப் பல சல்லடைகளிற் சலிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றது. நமது பாடசாலை முறைமையிலும் அத்தகைய மூன்று சல்லடைகளைக் காணலாம்.

முதலாவது, முதலாந் தர அனுமதி. அண்மைய ஆண்டுகளின் சுற்றுநிருபங்களின்படி, அரசாங்கப் பாடசாலையொன்றின் அனுமதி இடங்களில் ஏறத்தாழ பாதி அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கும், கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்படுகின்றது. வசிப்பிடத்தை நிறுவக் காணி உறுதி முதலிய ஆவணங்களுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கம்பனியின் லயத்தில் வாழும் குடும்பத்தின் கையில் காணி உறுதி எங்கிருந்து வரும்? தோட்டப் பாடசாலையன்றி வேறெதையும் அறியாத தந்தை நகரத்துக் கல்லூரியின் பழைய மாணவராவது எங்ஙனம்? நிலவுடைமையும் பரம்பரையும் இங்கு புள்ளிகளாக மாற்றப்படுகின்றன. கட்டணம் கேட்காமலே வர்க்கம் கேட்கப்படுகின்றது.

இரண்டாவது, ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. முதலாஞ் சல்லடையில் தவறிய பிள்ளைக்கு இது மறுவாய்ப்பு என்று கூறப்படுகின்றது. ஒருவகையில் அது உண்மையே. ஆயின், இப்பரீட்சைக்கான ஆயத்தம் இன்று பெருமளவுக்கு ரியூட்டரிகளின் கைக்குச் சென்றுவிட்டது. கண்டியில் மாலைதோறும் தனியார் வகுப்புக்குச் செல்லும் பிள்ளையும், கலஹாவிலோ மடுல்கலையிலோ கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாயைக் காத்திருக்கும் பிள்ளையும் ஒரே வினாத்தாளை எதிர்கொள்கின்றனர். சித்தியடைந்தாலும் தடைகள் உள. நகரின் புகழ்வாய்ந்த பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றின் பிரதான போதனாமொழி சிங்களம்; தமிழ்மொழிமூல இடங்கள் குறைவு; விடுதிச் செலவோ பேருந்துச் செலவோ நாட்கூலியிற் பெரும்பங்கை விழுங்கிவிடும். சித்தியடையாதோர் தோட்டப் பாடசாலையிலேயே தொடர்கின்றனர். அவற்றிற் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் வகைப் பாடசாலைகளாகும். உயர்தர விஞ்ஞானப் பிரிவோ 1ஏபி வகைப் பாடசாலைகளுக்கே உரியது. 1907ஆம் ஆண்டின் சட்டம் பத்து வயதுடன் தோட்டப் பிள்ளைக்கான தன் கடமையை முடித்துக்கொண்டது. இன்றைய முறைமையும் ஏறத்தாழ அதே பத்து வயதில் அப்பிள்ளையின் எல்லையைக் குறித்துவிடுகின்றது. இவ்வொற்றுமை மனங்கொள்ளத்தக்கது.

மூன்றாவது, பல்கலைக்கழக அனுமதியின் மாவட்டப் பங்கு. மருத்துவம், பொறியியல் முதலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்பட்டு வந்துள்ளன. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்பட்டன. கண்டி அவ்வாறு கணிக்கப்படவில்லை. நகரத்துக் கல்லூரிகளின் சாதனை கண்டியின் சராசரியை உயர்த்திவிடுவதே காரணமாகும். விளைவு யாது? புசல்லாவையிலிருந்து இறம்பொடை நோக்கிச் செல்லும் வீதியில் மாவட்ட எல்லை குறுக்கிடுகின்றது. எல்லையின் இருபுறமும் ஒரே தேயிலை, ஒரே லயம், ஒரே சம்பளம். அப்பாலுள்ள பிள்ளைக்கு ஒரு சலுகை உண்டு. இப்பாலுள்ள பிள்ளையோ கண்டி நகரத்து மாணவருடன் ஒரே பங்கிற்காகப் போட்டியிட வேண்டும். மாவட்டம் என்னும் புவியியல் அலகு அதனுள்ளிருக்கும் வர்க்க வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது.

இது தமிழ்ப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டுமன்று. உடுதும்பறையிலும் மினிப்பேயிலும் உள்ள சிங்கள விவசாயிகளின் பிள்ளைகளும் இதே மாவட்டப் பங்கினுள் இதே நகரத்துடனேயே போட்டியிடுகின்றனர். இனரீதியாக மட்டும் முறையிடும் அரசியல் இவ்விரு பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்துகின்றது. வர்க்க நோக்கோ அவர்களை ஒரே பக்கத்திற் காண்கின்றது.

தோட்டப் பிள்ளைகள் பின்தங்குவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் என்னும் விளக்கம் அதிகாரிகளிடையே மட்டுமன்றிக் கற்றோரிடையேயும் வழங்குகின்றது. 2020இற் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிகழ்ந்ததை இக்கருத்தினர் எண்ணிப் பார்த்தல் நன்று. கல்வி கைத்தொலைபேசிக்குள் சென்றதும், அலைவரிசை கிடைக்கும் மேடு தேடி மலையகப் பிள்ளைகள் ஏறினர். ஒரு தொலைபேசியைப் பல பிள்ளைகள் பகிர்ந்தனர். தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1000 ரூபா என்னும் சம்பளம், நீண்ட போராட்டத்தின் பின், 2021இலேயே வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடி அதன் பெறுமதியை விரைவிலேயே அரித்துவிட்டது. அக்கறை இருந்தது, அதனை நிறைவேற்றும் பொருள்வளமே இல்லாதிருந்தது.

அவ்வாறாயின் இப்பாடசாலை யாருக்குப் பயன்படுகின்றது? முன்னர் அது தோட்டத்துக்கே தொழிலாளரை ஆயத்தம் செய்தது. இன்று சாதாரண தரத்துடன் வெளியேறும் இளைஞரும் யுவதியரும் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கின் வீட்டு வேலைகளுக்கும் செல்கின்றனர். வாசிக்கவும் எண்ணவும் தெரிந்த, ஆனால் பேரம் பேச வலுவற்ற உழைப்பையே இச்சந்தை வேண்டுகின்றது. நமது முறைமை வழங்குவதும் ஏறத்தாழ அதுவே. 1875இல் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்த கார்ல் மார்க்ஸ், உயர்கல்வி இலவசமாக்கப்படுவதனால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்பதையும், பொது வரியிலிருந்து மேல்வர்க்கத்தாரின் கல்விச் செலவு ஈடுசெய்யப்படுவதாகவே அது முடியலாம் என்பதையும் சுட்டிக்காட்டினார். ஹந்தானை மலையின் தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே அமைந்துள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தினராகிய நாம் இக்கருத்தை எளிதிற் கடந்து செல்ல இயலாது.

இலவசக் கல்வியைக் கைவிடுவது இதற்குப் பரிகாரமாகாது; அதனை முழுமையாக்குவதே பரிகாரம். அனுமதியிற் காணி உறுதியும் பழைய மாணவர் என்னும் பரம்பரையும் பெறும் முதன்மை நீக்கப்படல் வேண்டும். பத்து வயதுப் பரீட்சை, பிள்ளையை இடமாற்றுவதற்குப் பதிலாக, அருகிலுள்ள பாடசாலையை உயர்த்துவதற்கான நிதியால் ஈடுசெய்யப்படல் வேண்டும். நாவலப்பிட்டி, புசல்லாவை, தெல்தோட்டை, பன்வில ஆகிய ஒவ்வொரு தோட்டப் பிரதேசத்திலும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களுடன் கூடிய தமிழ்மொழிமூல விஞ்ஞானப் பிரிவு உறுதிசெய்யப்படல் வேண்டும். பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய நிலையை அளக்கும் அலகு மாவட்டமாகவன்றிப் பாடசாலையாக இருத்தல் வேண்டும். அவ்வளவுகோல் தோட்டத் தமிழ்ப் பிள்ளைக்கும் உடுதும்பறைச் சிங்களப் பிள்ளைக்கும் ஒருங்கே நீதி செய்யும்.

இவை கல்வித் திணைக்களம் தானாக வழங்கும் சலுகைகளாக வரப்போவதில்லை. 1945இன் வெற்றியும் சமூக சக்திகளின் போராட்டத்தினாலேயே கிட்டியது. தொழிற்சங்கங்கள் சம்பளத்துடன் பாடசாலையையும் தமது கோரிக்கையாக்கும்போதும், ஆசிரியரும் பல்கலைக்கழகத்தாரும் அதற்குரிய தரவுகளையும் வாதங்களையும் திரட்டித் தரும்போதுமே இச்சல்லடைகள் அகற்றப்படும். இன்றைய பிள்ளைகளுக்கு இப்பாடசாலை பயன்படுகின்றதா என்னும் வினாவுக்கு, தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்து சேர்ந்த சிலரைச் சுட்டி விடை கூறுவது போதாது. வழியிற் சலித்து விடப்பட்டோரின் தொகையே அதன் சரியான விடையாகும்.