மழைக்காலப் பயணமும் மனத்திண்மையும்

தாயகத்தின் பெரும்பகுதியில் ஐப்பசியும் கார்த்திகையுமே மழைக்குரிய திங்கள்கள். நாம் வாழவந்த மும்பையிலோ வைகாசி கழியும்போதே வானம் இருண்டுவிடுகிறது. புரட்டாசி வரையில் குடையும் நாமும் பிரிவதில்லை. ஏரிகள் நிரம்பினால்தான் இந்நகருக்குக் குடிநீர் உண்டு. ஆதலின் மழையை நாம் வெறுப்பதற்கில்லை. ஆயினும், கல்யாண், டோம்பிவிலி, முலுண்ட், செம்பூர் முதலிய இடங்களிலிருந்து மின்சார ரயிலை நம்பி நாள்தோறும் பணிக்குச் செல்வோருக்கு அம்மழை ஆண்டுதோறும் ஒரு சோதனையையும் கொண்டுவருகிறது.

வண்டி நடுவழியில் நின்றவுடன் நமக்குச் சினம் மூளுகிறது. அது நிற்பதன் காரணத்தை அறிந்தால் அச்சினத்தில் பாதி அடங்கும். மும்பை, ஏழு தீவுகளை இணைத்து, இடைக்கடலைத் தூர்த்து எழுப்பிய நகரம். சயான், குர்லா போன்ற பகுதிகள் தாழ்ந்தவை. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவில் அமைந்தவை. அதுவும் கடல்நீர் வற்றியிருக்கும் வேளையில்தான். கடலேற்றமும் பெருமழையும் ஒன்றுகூடினால் நீர் செல்ல வழியின்றித் தண்டவாளத்தின்மீது ஏறி நிற்கிறது.

தண்டவாளத்தில் ஓடும் மெல்லிய மின்னோட்டத்தைக் கொண்டே முன்னால் வண்டி உண்டா, இல்லையா என்பது அறியப்படுகிறது. நீர் சூழ்ந்து அம்மின்னோட்டம் தடுமாறினால் கைகாட்டி சிவப்பாகிவிடும். ஐயம் எழுந்தால் ‘நில்’ என்றே அது சொல்ல வேண்டும் என்பது அதனை வகுத்தோர் செய்த ஏற்பாடு. ஆகவே, சிவப்பு விளக்கு நம் வழியை மறிக்கும் பகையன்று. நம் உயிரைக் காக்கும் காவல்.

அக்காவலை மதிக்காது விரைவதால் விளையும் கேடு சிறிதன்று. நின்ற வண்டியிலிருந்து குதித்தால் அடுத்த பாதையில் வண்டி வரலாம். நீருக்கடியில் குழி இருக்கலாம். 2017 ஆகஸ்ட் 29 அன்று பெய்த பெருமழையில், பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் காரைவிட்டு இறங்கி வீடு நோக்கி நடந்தபோது, திறந்துகிடந்த சாக்கடைக் குழியில் வீழ்ந்து உயிர்நீத்தார். சரியாக ஒரு திங்கள் கழித்து, செப்டம்பர் 29 அன்று காலையில், இப்பொழுது பிரபாதேவி எனப்படும் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைபாலத்தில் மழைக்கு ஒதுங்கியோரும் பணிக்கு விரைந்தோரும் நெருங்கியதில் 23 பேர் மாண்டனர். மாண்டோர்மீது நாம் பழி கூறோம். பாலம் குறுகியது, கூட்டம் பெரிது. ஆயினும், கூட்டம் கலையும்வரை காத்திருப்பது எத்துணை அரிய காவல் என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று.

பொறுமை கைவிடாது என்பதற்கும் சான்று உண்டு. 2019 ஜூலை 26 அன்று இரவு மும்பையிலிருந்து கோலாப்பூருக்குப் புறப்பட்ட மகாலட்சுமி விரைவுவண்டி, உல்லாஸ் ஆறு பெருகியதால் பதலாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே வெள்ளத்தில் சிக்கிற்று. வண்டியைவிட்டு இறங்க வேண்டா என்று பயணிகளுக்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் மீட்புப் படையினர் படகுகளுடன் வந்தனர். கருவுற்ற தாய்மாரையும் உள்ளிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பாதுகாப்பாகக் கரைசேர்ந்தனர்.

2005 ஜூலை 26-ஐ நம்மவர் மறந்திரார். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. மகாராஷ்டிரம் முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அத்துயரிலும் மனிதநேயம் மாளவில்லை. வழிநெடுகக் குடிசைவாசிகளும் முன்பின் அறியாதவர்க்குத் தேநீரும் ரொட்டியும் அளித்தனர். வழிபாட்டிடங்கள் கதவு திறந்து இடமளித்தன. இறைவன் துணைநிற்கிறான் என்று நாம் நம்புவது, இத்தகைய கைகளின் வழியாகவே மெய்யாகிறது.

வள்ளுவர், பிறர் செய்யும் தீங்கைப் பொறுப்பதற்குப் ‘பொறையுடைமை’ என ஓர் அதிகாரமும், துன்பத்தில் உள்ளம் உடையாமைக்கு ‘இடுக்கண் அழியாமை’ என வேறோர் அதிகாரமும் வகுத்தார். மழைநாளில் நமக்கு வேண்டுவது பின்னது. அது வாளாவிருத்தல் அன்று. வடிகாலைத் தூர்வாருமாறும் பாலத்தை அகலமாக்குமாறும் உரியவர்களிடம் கேட்பது நம் உரிமை. அதனை வெயில்நாளிலேயே கேட்டல் வேண்டும். வெள்ளம் சூழ்ந்த வேளையில் செய்யத்தக்கது வேறு. கடலேற்றத்தின் நேரத்தை அறிந்து புறப்படுவோம். குடிநீரும், மாற்றுடையும், சிறிது சிற்றுண்டியும் கையில் கொள்வோம். இருக்குமிடத்தை ஒரே செய்தியில் வீட்டிற்குத் தெரிவித்துக் கைப்பேசியின் மின்கலத்தைக் காப்போம். வீட்டிலுள்ளோரும் அடிக்கடி அழைத்து அதனைத் தீர்த்துவிடாதிருத்தல் நன்று.

ஒரு நாட்கூலி தவறினால் அடுப்பெரியாத இல்லங்களும் நம்மிடையே உண்டு. அவ்வில்லத்தாரிடம் பொறுமையைப் போதிப்பது மட்டும் போதாது. மழையால் கூலியிழந்த அண்டைவீட்டாருக்கு ஒரு படி அரிசி கொடுப்பதும், பள்ளியிலிருந்து வரும் அவர்தம் குழந்தைக்கு நம் வீட்டில் இடமளிப்பதும் நம் கடன். பிறர் துணைக்கு வருவர் என்னும் நம்பிக்கை இருந்தால்தான் எவரும் அஞ்சாது காத்திருக்க இயலும். அந்நம்பிக்கையை ஒருவர்க்கொருவர் அளிப்போமாக. தாமதமாக வந்தாலும் எல்லோரும் நலமாக வீடு வந்து சேர்க!