மருத்துவ மாணவரும் வெளியிடப் பயிற்சியும்

மருத்துவக் கல்வி நூலறிவோடு முற்றுப்பெறுவதன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநின்று பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டும். இந்நான்கனையும் ஒருங்கே கண்டு பயிலும் இடம் மாணவர்க்கு யாது என்பது ஆராயத்தக்கதாகும்.

மாணவர் தம் கல்லூரியைச் சார்ந்த போதனா வைத்தியசாலையிலேயே பெரும்பாலும் பயில்வர். எனினும், கல்வி முடியுந் தறுவாயில் சில கிழமைகள் தாம் விரும்பிய பிறிதோர் இடத்திற்குச் சென்று பயிலும் வழக்கமும் உண்டு. இதனை ஆங்கிலேயர் ‘எலெக்ரிவ்’ என்பர். பிரித்தானிய மாணவர் பலர் இப்பயிற்சியின் பொருட்டுக் கடல் கடந்து இலங்கை வைத்தியசாலைகளுக்கும் வருவதுண்டு.

ஐக்கிய அமெரிக்காவிலே இப்பயிற்சி வேறொரு பயனையும் பெற்றுள்ளது. பட்டம் பெற்றோர் ஒரு துறையிற் சிறப்புத் தேர்ச்சி அடைதற்கு ‘ரெசிடென்சி’ எனப்படும் பயிற்சியிற் சேர்தல் வேண்டும். 1952ஆம் ஆண்டு முதலாக விண்ணப்பதாரர் தாம் விரும்பும் வைத்தியசாலைகளையும், வைத்தியசாலைகள் தாம் விரும்பும் விண்ணப்பதாரரையும் வரிசைப்படுத்த, இரண்டும் பொருந்துமாறு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. தகுதிப் பரீட்சையின் முதற்படி 2022ஆம் ஆண்டு தொடக்கம் புள்ளியின்றிச் சித்தி, சித்தியின்மை என்றே அறிவிக்கப்படுகின்றது. ஆதலின் உடனிருந்து கண்ட வைத்தியர் எழுதும் பரிந்துரைக் கடிதம் பெரிதும் மதிக்கப்படுகின்றது. 4 கிழமைப் பயிற்சி, அங்கே ஒரு நீண்ட நேர்முகப் பரீட்சையே எனலாம்.

பிற நாட்டு மாணவர்க்கும் இவ்வாயில் ஓரளவு திறந்துள்ளது. ஆயினும் பட்டம் பெறுமுன்னரே செல்லுதல் வேண்டும். பட்டம் பெற்றபின் செல்வோர் பொதுவாகப் பார்வையாளராக நிற்பரேயன்றி நோயாளரைத் தொட்டுப் பரிசோதித்தல் இயலாது. கட்டணம், காப்புறுதி, விசா, பயணம், தங்குமிடம் என்னும் செலவுகளோ பல. தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு இவை எளிதில் எட்டுவனவல்ல.

இலங்கையின் முறை இதனின் வேறுபட்டது. ஐந்தாண்டுக் கல்வியின் பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி உண்டு; அதற்குரிய இடம் பரீட்சைத் தரவரிசையைத் தழுவியே கிடைக்கும். சிறப்பு வைத்தியராக விழைவோர் 1980இல் நிறுவப்பெற்ற பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சையிற் சித்தியெய்துதல் வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சி அதன் பின்னர் வருவதாகும். ஆகவே, இந்நாட்டிலேயே பணிபுரிய எண்ணும் மாணவர்க்கு வெளியிடப் பயிற்சி பதவிக்குரிய அனுமதிச் சீட்டன்று. இது குறையன்று, நன்மையேயாம். கடிதத்தை நாடாது கல்வியையே நாடி இடத்தைத் தெரிவுசெய்யும் உரிமை அவர்க்கு உண்டு.

அத்தகைய மாணவர்க்கு நுவரெலியாவும் ஹற்றனும் அடங்கிய மலையகத்தினும் சிறந்த பயிற்சிக்களம் அரிது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட மக்களின் மருத்துவத்திற்குத் தனியேற்பாடு செய்தது. அவ்வழி வந்த டிஸ்பென்சரும் மருத்துவிச்சியுமே பல தோட்டங்களில் மக்கள் முதலிற் கண்ட மருத்துவத் துணைவர். 1990களில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் அமைந்த 150 படுக்கை வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பெற்றது.

கட்டடம் உயர்ந்தும் நோயின் வேர் முற்றும் அறுபடவில்லை. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி, 5 வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். இதன் காரணத்தை வைத்தியசாலைக் கட்டிலருகே நின்று அறிதல் அரிது. விறகுப் புகை சூழ்ந்த லயத்து அறையையும், தாய் கொழுந்தெடுக்கச் செல்லும்போது குழந்தையை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தையும், சம்பள நாளுக்கு முன்னுள்ள நாள்களின் உணவையும் நேரிற் கண்டவனே அறிவான்.

மொழியும் இங்கு மருந்தின் ஒரு கூறாகும். தன் நோயைத் தன் மொழியிற் சொல்லவியலாத தாய், பாதியைச் சொல்லாமலே திரும்புவாள். வைத்தியரும் பாதி நோய்க்கே மருந்தளிப்பர். தமிழ் பேசும் வைத்தியர் போதாமை மலையக வைத்தியசாலைகளின் நெடுநாட் குறையாகும். பிறமொழி மாணவர் சில கிழமைகள் இங்கு தங்கிப் பயில்வரேல் அவர்க்குச் சில தமிழ்ச் சொற்களேனும் கைவரும். தமிழ் மாணவர் பயில்வரேல் தம் மொழி மருத்துவக் கருவியாதலை உணர்வர்.

கடல் கடந்து செல்வோர் சென்று மேன்மையுறுக. எனினும் மருத்துவக் கல்வியை நாடும் மாணவரும், அவரை நெறிப்படுத்தும் ஆசிரியரும் பயிற்சிக்குரிய இடத்தைத் தெரியும்போது, யார் கடிதந் தருவார் என்று மட்டும் வினவாது, யாருடைய நோயை அறியப்போகின்றோம் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினா எழுமாயின், மலைச்சரிவிலுள்ள சிறு வைத்தியசாலையும் அவர்க்கு ஒரு பெருங் கல்லூரியாகும்.