எந்த கேம் எவ்வளவு நேரம் இனிக்கும்?



"இன்னும் ஒரே ஒரு ஆட்டம்மா!" இந்த வசனம் கேட்காத வீடு உண்டா? அந்த ஒரு ஆட்டம் ஏன் பத்து ஆட்டமாகுது? சில கேம் மிட்டாய் மாதிரி, வாயில் போட்டதும் கரைஞ்சிடும். சில கேம் கரும்பு மாதிரி, மென்னுக்கிட்டே இருக்கலாம். எது எந்த வகைன்னு பார்ப்போமா?

1. காசு போட்டு ஆடும் கேம்

1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் பேக்-மேன் கேமை வெளியிட்டது. கடையில் நிற்கும் பெரிய பெட்டி அது. காசு போட்டால்தான் ஆடலாம். ஒருத்தர் சீக்கிரம் தோற்றால்தானே அடுத்தவர் காசு போடுவார்? அதனால் போகப்போகக் கஷ்டமாகும்படி செய்தார்கள். ஆட்டம் சில நிமிடம்தான், ஆனால் ஒவ்வொரு நொடியும் விறுவிறுப்பு!

1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் மொத்தம் 32 கட்டங்கள். முதல் கட்டத்தில் மேலே 400-லிருந்து ஓர் எண் இறங்கிக்கொண்டே வரும். அது நொடிக் கணக்கு இல்லை, நொடியைவிட வேகமாக ஓடும். மொத்தமே 3 நிமிடத்துக்குள் முடிஞ்சிடும்.

2. புதிர் கேம்

டெட்ரிஸை 1984-ல் மாஸ்கோவில் உருவாக்கியவர் அலெக்ஸி பஜித்னோவ். ஆட ஆடக் கட்டைகள் விழும் வேகம் கூடும். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன், பழைய நின்டெண்டோ டெட்ரிஸை அந்த கேமே உறைந்து நின்னுபோகும் வரை ஆடினான். அந்த இடத்தைத் தொட்ட முதல் மனிதன் அவன்தான். ஆன நேரம்? சுமார் 40 நிமிடம்! சாதனைக்கே அவ்வளவுதான் பாருங்க. கண்ணும் கையும் சேர்ந்து ஓடும் கேமில் கவனம் தளர்ந்தால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோற்போம். அதுக்கப்புறம் வர்றது ஜாலி இல்லை, எரிச்சல்.

3. பந்தயமும் கால்பந்தும்

இதில் கவலை இல்லை. கோட்டைத் தாண்டினால் பந்தயம் முடிஞ்சுது, விசில் அடித்தால் ஆட்டம் முடிஞ்சுது. முற்றுப்புள்ளி உள்ளேயே இருக்கு.

4. வியூக கேம்

இங்கேதான் சிக்கல்! 1991-ல் சிட் மெயர் உருவாக்கிய சிவிலைசேஷனில் ஒரு நாட்டையே நாம் வளர்க்கணும். ஒரு நகரில் கோட்டை கட்டி முடிய இன்னும் மூணு முறை, இன்னொரு நகரில் படை தயாராக ரெண்டு முறைன்னு எப்பவும் ஏதோ ஒண்ணு முடியப்போற நிலையிலேயே இருக்கும். காற்புள்ளி உண்டு, முற்றுப்புள்ளி இல்லை. மணிக்கணக்கில் இனிக்கும், உண்மைதான். ஆனா தூக்கமும் அதோடு போயிடும்.

5. கட்டும் கேம்

மைன்கிராஃப்ட் முழுமையாக வெளிவந்தது 2011-ல். அதில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 20 நிமிடம். "இது முடியணும்"னு கேம் சொல்லாது. இன்று சுவர், நாளை கூரைன்னு நாமதான் சொல்லிக்கணும்.

சரி, எத்தனை மணி நேரம் சரி?

சீனாவில் 2021-ல், 18 வயதுக்குட்பட்டவர்கள் ஆன்லைன் கேம் ஆட வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் தினம் ஒரு மணி நேரம் என்று சட்டம் போட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் வேறு மாதிரி பார்க்கிறது. 2022-ல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' இருக்கிறது. ஆனால் அதில் மணிக்கணக்கே இல்லை! நிறுத்த முடிகிறதா? மற்ற வேலையெல்லாம் பின்னுக்குப் போகிறதா? கெடுதல் வந்தும் தொடர்கிறோமா? இவைதான் கேள்விகள்.

நாம் செய்யக்கூடியவை:

* முற்றுப்புள்ளி உள்ள கேமில், எத்தனை ஆட்டம் என்று முதலிலேயே எண்ணி வையுங்கள்.
* முற்றுப்புள்ளி இல்லாத கேமுக்கு அலாரம் வையுங்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி தொடவே வேண்டாம்!
* மணிக்கு ஒருமுறை 10 முதல் 15 நிமிடம் ஓய்வு எடுங்கள். இதைக் கேம் விற்கும் நின்டெண்டோ நிறுவனமே சொல்கிறது.
* ஒரே இடத்தில் மூணு தடவை தோற்றால் எழுந்து போய்த் தண்ணி குடியுங்கள்.

கேம் நம்மை நிறுத்தும் வரை ஆடுவதா, ஆசை இருக்கும்போதே நாம் நிறுத்துவதா? ஆசையோடு எழுந்தவனுக்குத்தான் நாளைக்கும் அது இனிக்கும்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு